பேய் புகுந்த பதிப்பு

எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சாட்சியம் கூறுகிறான். யார்மீது கூறுகிறான்? தன்னைப் பெற்றெடுத்த தாயின் மீது! தாயிடம் நான்கு ஏவல் பேய்கள் உண்டாம். பூனையாகவும் தேரையாகவும் ஆட்டுக்குட்டியாகவும் அவை வருமாம். அவற்றுக்கு அவள் பீரும் அப்பமும் ஊட்டி வளர்த்தாளாம். பச்சைப் பாலகனின் வாயிலிருந்து இந்தச் சொற்கள் வருகின்றன, எழுத்தர் எழுதிக்கொள்கிறார், ஒப்புக்கொண்டால் இரக்கம் காட்டப்படும் என்று கூறித் தாயின் வாயையும் திறக்கிறார் விசாரணை அதிகாரி. அழுதபடி ஒப்புக்கொள்கிறாள் அந்தப் பேதை. இரக்கமா கிடைத்தது? தூக்குக் கயிறு கிடைத்தது!

ஆண்டு 1582. இடம், இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டத்துச் செயின்ட் ஒசித் என்ற சிற்றூர். அவள் பெயர் அர்சுலா கெம்ப். அண்டை வீட்டாரின் பிள்ளைகளுக்குச் செவிலியாய் இருந்தும், நோயாளிகளுக்குக் கைமருந்து தந்தும் வயிறு வளர்த்த ஏழை.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1584-இல், இலண்டனில் ஒரு நூல் வெளிவந்தது. சூனியக்காரி என்று சொல்லிக் கிழவிகளைக் கொல்லாதீர் என்றது அந்நூல். சொன்னதோடு நிற்கவில்லை. மாயம் என்று மக்கள் மருளும் செயல்களைக் கைத்திறத்தால் செய்வது எப்படி என்று படம் போட்டு விளக்கியது. சீட்டுக்கட்டை எப்படிப் பிடிப்பது, எப்படிக் கலைப்பது, எந்த விரலால் எந்தச் சீட்டைக் காப்பது என்பது வரையிலே கூறியது. எனவேதான், செப்பிடு வித்தைக்காரரும் அரிய நூல் திரட்டுவோரும் இன்றுவரை அந்நூலின் பதிப்புகளைத் தேடி அலைகின்றனர்.

அந்தப் பதிப்புகளின் வரலாறு, பகுத்தறிவாளர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு. ஒரு நூலை எதிரி எத்தனை வழிகளில் கொல்ல முயல்வான் என்பதை அது காட்டும்.

நூலின் பெயர் ‘டிஸ்கவரி ஆஃப் விட்ச்கிராஃப்ட்’. டிஸ்கவரி என்றால் இன்று கண்டுபிடிப்பு என்போம். அந்நாளில் அச்சொல்லுக்கு, மூடியதைத் திறந்து காட்டுதல் என்பதே பொருள். சூனியத்தின் முகத்திரையைக் கிழித்தல் என்று தமிழில் கூறலாம். எழுதியவர் ரெஜினால்டு ஸ்காட். கெண்ட் மாவட்டத்துக்காரர். ஏறத்தாழ 1538-இல் பிறந்தவர். ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கச் சென்று, பட்டம் பெறாமலே ஊர் திரும்பியவர். பீர் வடிக்கப் பயன்படும் ஹாப்ஸ் கொடியைப் பயிரிடும் முறை பற்றி 1574-இல் ஒரு நூல் எழுதியவர். பாதிரியாரும் அல்லர், பல்கலைக் கழகப் பேராசிரியரும் அல்லர். மண்ணையும் கொடியையும் கண்ணால் பார்த்து எழுதிப் பழகியவர். அந்தக் கண்ணோடுதான் பேயையும் பார்க்கப் புறப்பட்டார்!

புறப்பட்டவர் வெறுங்கையோடு புறப்படவில்லை. இலத்தீனில் எழுதிய ஆசிரியர் 212 பேர், ஆங்கிலத்தில் எழுதியோர் 23 பேர் எனத் தாம் பயன்படுத்திய ஆசிரியர்களின் பட்டியலைத் தந்தார். ஏடுகளை மட்டுமா புரட்டினார்? தம் மாவட்டத்து ஊர்களில் நடந்தவற்றையும் விசாரித்து எழுதினார்.

பிரெஞ்லி என்னும் ஊரில் மார்கரெட் சைமன்ஸ் என்றொரு மாது. 1581-இல் ராச்செஸ்டர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டாள். குற்றம் சாட்டியவர் அவ்வூர்ப் பாதிரியார். அவருடைய மகன் அவள் வீட்டு வழியே போனான், அவளது நாய் குரைத்தது, அவன் கத்தியை உருவிக்கொண்டு நாயைத் துரத்தினான், அவள் அதட்டினாள். சில நாள் கழித்துப் பையனுக்குக் காய்ச்சல். போதாதா? சூனியம் என்றார் பாதிரியார். கோயிலிலே மன்றாட்டு ஓதும்போது தம் குரல் கம்மிப்போவதும் அவள் செய்வினையே என்றார். ஊராரோ வேறு விதமாகப் பேசினர். பாதிரியாருக்கு மேகநோய், அதனால்தான் குரல் போயிற்று என்றனர். இது நுரையீரல் நோயே என்று இரண்டு இலண்டன் மருத்துவர்களிடம் சான்று வாங்கி வந்து, கோயிலில் சபையார் முன்னே வெளியிட வேண்டிய நிலை அவருக்கு! தம் மானத்தைக் காக்க மருத்துவரிடம் ஓடியவர், ஓர் ஏழையின் உயிரைப் பறிக்க மட்டும் சூனியத்தை நம்பினார். நல்லவேளை, அவள் விடுதலை பெற்றாள்.

வெஸ்ட்வெல் என்னும் ஊரில், 1574-இல், மில்ட்ரெட் என்ற வேலைக்காரப் பெண்ணுக்குப் ‘பேய்’ பிடித்தது. பதினேழு வயதுப் பெண்ணின் உடலுக்குள்ளிருந்து வேறொரு குரல் பேசிற்று. கேள்வி கேட்டனர் பாதிரிமார். பதில் சொல்லிற்று ‘பேய்’. ஆலிஸ் என்ற கிழவியே தன்னைப் புட்டியில் அடைத்து வைத்திருந்தாள் என்று பழி கூறிற்று. சாட்சிகள் கையெழுத்திட்டனர். அவ்வளவோடு நின்றிருந்தால் ஆலிஸ் கிழவியின் கழுத்துக்கு ஆபத்து. அம்மாவட்டத்து நீதிபதிகள் இருவர் பெண்ணை அழைத்து நேரில் விசாரித்தனர். உதடு அசையாமல் வயிற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் பேசும் பயிற்சியே அது என்று அவள் ஒப்புக்கொண்டாள்; அவர்கள் முன்னிலையிலே மீண்டும் செய்தும் காட்டினாள். பேய் ஓடிற்று; பேயோட்டிகளின் புகழும் கூடவே ஓடிற்று!

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளைக் கண்ட ஸ்காட்டுக்கு ஓர் உண்மை பளிச்சிட்டது. மக்களிடம் சென்று, ‘சூனியம் இல்லை’ என்று ஆயிரம் முறை சொன்னாலும் பயன் குறைவு. ‘என் கண்ணாலே பார்த்தேனே!’ என்பர். கண் ஏமாறும் என்பதைக் கண்ணுக்கே காட்டினாலன்றி அவர்கள் மனம் மாறாது. ஆகவே வித்தைக்காரரிடம் பாடம் கேட்டார். இலண்டனில் கைத்தொழில் செய்து பிழைத்த ஜான் காட்டரெஸ் என்னும் பிரெஞ்சுக்காரர், கைத்திறத்தில் இணையற்றவர் என்று அவரைப் பெயர் சொல்லிப் போற்றியிருக்கிறார் ஸ்காட்.

நூலின் பதின்மூன்றாம் பகுதியில் வருகிறது, அந்தப் பாடம். பந்தும் காசும் மறைவது எப்படி, நாக்கிலே ஊசி பாய்ச்சுவது எப்படி, தலையை வெட்டித் தட்டிலே வைத்ததுபோல் காட்டுவது எப்படி, எல்லாம் இருக்கிறது. நடுவிலே வளைந்த ஊசிக்கும், வெட்டுவாய் விட்ட கத்திக்கும் படங்கள் இருக்கின்றன.

சீட்டு வித்தைக்குத் தனி அத்தியாயம். அதிலே அவர் கூறும் அடிப்படை மிக எளிது. சீட்டை விரைவாகக் கலைக்கவேண்டும். ஆனால் எவ்வளவு கலைத்தாலும் ஒரு சீட்டு மட்டும் கட்டின் அடியிலோ, தெரிந்த ஓர் இடத்திலோ நிற்கவேண்டும். அந்தச் சீட்டை மற்றவற்றினும் அணுவளவு முன்னே தள்ளியோ பின்னே இழுத்தோ வைத்துக்கொண்டால், சுண்டு விரலே அதைத் தேடிப் பிடித்துவிடும். அந்த ஒரு சீட்டை நீ பார்ப்பதைப் பிறர் கண்டாலும், அதன்பின் நன்றாகக் கலைத்துக் காட்டினால் ஐயப்படமாட்டார்கள். நான்கு ஏஸ்களை நான்கு ஜாக்கிகளாக மாற்றுவதும், ஒருவன் மனத்தில் நினைத்த சீட்டைச் சொல்வதும் இந்த மரத்தின் கிளைகளே. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், சீட்டு வித்தை பயில்பவன் முதல் நாள் கற்கும் பாடம் ஏறத்தாழ இதுவாகவே இருக்கிறது.

வித்தையோடு எச்சரிக்கையும் தந்தார். முன்பின் அறியாதவருடன் சீட்டாடினால், எவன் வெகுளிபோல் விழிக்கிறானோ, எவன் குடிபோதையில் இருப்பவன்போல் நடிக்கிறானோ, அவனிடமே அதிகம் விழிப்பாயிரு என்றார்.

இன்னொன்றையும் கூறினார். இந்த மறைபொருள்களை வெளியிடுவதால், இவற்றை ஆடிப் பிழைக்கும் ஏழை வித்தைக்காரரின் வருவாய் கெடுமே என்று வருந்தினார். இது வித்தைதான் என்று ஒப்புக்கொண்டு ஆடுபவனை அவர் பழிக்கவில்லை, பாராட்டினார். அதே வித்தையைத் தெய்வத்தின் பெயராலோ பேயின் பெயராலோ ஆடுபவனையே கடிந்தார். வித்தைக்காரன் வேறு, வேடக்காரன் வேறு என்று கோடு கிழித்த நேர்மை அது.

எட்டாம் ஹென்றி மன்னனின் முன் நடந்ததாக வழங்கிவந்த ஒரு வித்தையையும் அவர் எடுத்துக்கொண்டார். பிராண்டன் என்ற வித்தைக்காரன் சுவரிலே புறா ஒன்றை வரைந்தான். கூரைமேல் உண்மைப் புறா உட்கார்ந்திருந்தது. படத்தைக் கத்தியால் குத்தினான்; குத்தக் குத்தக் கூரைமேலிருந்த புறா செத்து விழுந்தது! இனி இந்த வித்தையைச் செய்யாதே, மனிதர்மேலும் ஏவிவிடுவாய் என்று அவனுக்குத் தடை விதித்தார்களாம். ஸ்காட் விளக்குகிறார்: புறாவுக்கு முன்னதாகவே எட்டிக் கொட்டையை ஊட்டியிருந்தால், அது இவ்வளவு நேரத்தில் சாகும் என்பது கணக்கு. நம் நாட்டுக் காடுகளிலே காய்க்கும் எட்டிதான்! நஞ்சு செய்த வேலைக்கு மந்திரம் புகழ் பெற்றது.

ஸ்காட் கடவுள் மறுப்பாளர் அல்லர் என்பதையும் நாம் சொல்லியாகவேண்டும். கிறித்தவ நம்பிக்கையிலே நின்றுகொண்டே, இறைவனின் ஆற்றலைக் கிழவிக்கு ஏற்றிச் சொல்வது தவறு என்று வாதாடியவர். ஆவி என்பதே கிடையாது என்று முடிவாகச் சொன்னவரும் அல்லர். அவருடைய காலத்தின் எல்லை அது. அந்த எல்லைக்குள் நின்றே, சாகவிருந்தவர்களின் பக்கம் சேர்ந்தார் என்பதுதான் அவர் பெருமை.

இனிப் பதிப்புகளுக்கு வருவோம்.

முதற் பதிப்பு, 1584. அந்நாளைய கறுப்பெழுத்து அச்சு. நாலாக மடித்த தாள். அதற்குப் பிறகு அறுபத்தேழு ஆண்டுகள் இங்கிலாந்தில் மறு பதிப்பே இல்லை! ஏன்? காலம் அப்படி. ஸ்காட்லாந்து மன்னன் ஜேம்ஸ், 1590-91 ஆண்டுகளில் சூனிய வழக்குகளைத் தானே முன்னின்று விசாரித்தவன். 1597-இல் பேயியல் பற்றித் தானே ஒரு நூல் எழுதி, முன்னுரையில் ஸ்காட்டைப் பெயர் சுட்டித் தாக்கினான். அரியணையில் இருப்பவன் மறுப்பு எழுதினால், அதற்கு மறுப்பு எழுத யாருக்குத் துணிவு வரும்? 1599-இல் ஸ்காட் மறைந்தார். 1603-இல் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னனானான். 1604-இல் சூனியத்துக்கு எதிரான சட்டம் மேலும் கொடுமையாக்கப்பட்டது.

ஜேம்ஸ் ஆணையிட்டு ஸ்காட்டின் நூலைத் தேடித் தேடி எரித்தான் என்றொரு கதை நெடுங்காலமாக வழங்குகிறது. முதற் பதிப்பின் விலையை ஏற்றுவதற்கும் நம் பேச்சாளர்களுக்கும் மிகப் பயன்படும் கதை! ஆனால் அக்காலத்து ஆவணம் எதிலும் அதற்குச் சான்று இல்லை. பல்லாண்டு கழித்து எழுதியவர்களே அதைக் கூறினர். சான்று கேட்பதுதான் ஸ்காட்டின் நெறி. நமக்கு இனிக்கும் கதைக்கும் அதே சான்றைக் கேட்பதுதான் நம் நெறி. எரித்தான் என்பதை விட்டுவிடுவோம். எதிர்த்து எழுதினான் என்பது போதும், அது அச்சிலே நிற்கிறது.

நூல் தடைப்பட்ட காலத்தில் வித்தைகள் தடைப்படவில்லை. 1612-இல் செப்பிடு வித்தை பற்றி ஒரு சிறு நூல் வந்தது. 1634-இல் ‘ஹோகஸ் போகஸ் ஜூனியர்’ என்ற நூல் வந்து பலமுறை அச்சேறியது. ஸ்காட்டிடமிருந்து ஏராளமாக எடுத்துக்கொண்டன இரண்டும். பந்தும் சீட்டும் எடுத்தார்கள். கத்தியும் ஊசியும் எடுத்தார்கள். தூக்குமேடையில் நின்ற கிழவியை மட்டும் விட்டுவிட்டார்கள்! எதற்காக அந்த வித்தைகள் எழுதப்பட்டனவோ, அந்த நோக்கம் உதிர்ந்தது, வேடிக்கை மிஞ்சிற்று.

1645 முதல் 1647 வரை கிழக்கு இங்கிலாந்தில் மாத்யூ ஹாப்கின்ஸ் என்பவன் ஊர் ஊராகச் சென்று சூனியக்காரிகளைக் ‘கண்டுபிடித்தான்’. தூங்கவிடாமல் வதைத்து வாக்குமூலம் வாங்கினான். பலர் தூக்கிலேறினர். மன்னராட்சி வீழ்ந்து குடியரசு எழுந்த பின், 1651-இல், ஸ்காட்டின் நூல் மறுபடி அச்சேறியது. வெளியிட்டவர் கைல்ஸ் கால்வர்ட். நிலம் யாவருக்கும் பொது என்ற வின்ஸ்டன்லியின் எழுத்துக்களையும் வெளியிட்டவர் அவர்! ஏழைக்கு நிலம் கேட்ட கையே ஏழைக் கிழவிக்கு உயிரும் கேட்டது. சூனியக்காரிகள் பேயுடன் உடன்படிக்கை செய்கிறார்கள் என்பது வெறுங் கற்பனை என்று தலைப்புப் பக்கத்திலேயே அச்சிட்டனர். 1654-இலும் நூல் வந்தது.

அடுத்து வந்தது 1665-ஆம் ஆண்டுப் பதிப்பு. பெரிய அளவுத் தாள், பார்வைக்குக் கம்பீரம். பழைய பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். பதினைந்தாம் பகுதியின் தொடக்கத்திலே ஒன்பது புதிய அத்தியாயங்கள்! நூலின் இறுதியில், பேய்களும் ஆவிகளும் பற்றிய பகுதிக்குப் புதிதாக இரண்டாம் பாகம்! எழுதியவர் பெயர் இல்லை. உள்ளே என்ன? மந்திர வட்டம் வரைவது எப்படி, ஆவியை எழுப்புவது எப்படி என்ற விளக்கங்கள். அதுவும் கேலியாக அல்ல, நம்பிக்கையாக!

பேய் இல்லை என்று காட்ட எழுந்த நூலுக்குள்ளே பேய் குடியேறிவிட்டது. அறிவியலை வளர்க்க இலண்டனில் இராயல் சொசைட்டி தோன்றி ஐந்தே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. நூலைத் தடுக்க முடியாதவர்கள், நூலுக்குள் நுழைந்தார்கள். இடைச்செருகல் என்ற சொல்லைத் தமிழருக்கு விளக்கவேண்டுமா? ஏடுகளைப் பெயர்த்தெழுதும்போது எத்தனை கைகள் புகுந்தன என்பதை நம் புலவர்கள் கூறக் கேட்டிருக்கிறோமே!

விளைவு என்ன? மாந்திரீகர்களை நகையாடுவதற்காக ஸ்காட் எடுத்துக்காட்டிய மந்திரங்களோடு இந்தப் புதுச் சரக்கும் சேர்ந்தது. பிற்காலத்துக் குறிகாரர்களும் மந்திரவாதிகளும் இந்நூலையே தொழிற் கையேடாகப் பயன்படுத்தினர்! இந்தப் பதிப்பு வந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, 1682-இல், பைட்ஃபோர்டு ஊரைச் சேர்ந்த மூன்று பெண்கள் சூனியக் குற்றத்துக்காக எக்ஸிட்டரில் தூக்கிலிடப்பட்டனர். சூனியச் சட்டம் நீக்கப்பட்டது 1736-இல்தான்.

அதன் பிறகும் நூல் உறங்கிற்று. 1665-க்குப் பின் 221 ஆண்டுகள் கழித்து, 1886-இல், பிரின்ஸ்லி நிக்கல்சன் என்னும் அறிஞர் முதற் பதிப்பின் பாடத்தை அடிப்படையாகக் கொண்டு மீண்டும் வெளியிட்டார். பிற்காலச் சேர்க்கைகளையும் ஒளிக்காமல், இவை பிறர் சேர்த்தவை என்று பிரித்துத் தந்தார். அதுவன்றோ பதிப்பாசிரியர் கடமை! ஆனால் அச்சிட்ட படிகள் 250 மட்டுமே. யாருக்காக எழுதப்பட்டதோ அந்த மக்களுக்கு எட்டாத எண்ணிக்கை.

1930-இல் மற்றொரு பதிப்பு. முன்னுரை எழுதியவர் மாண்டேகு சம்மர்ஸ். யார் இவர்? சூனியக்காரிகள் உண்மையாகவே உண்டு என்று இருபதாம் நூற்றாண்டிலும் சாதித்தவர். சூனியக்காரிகளை வேட்டையாட வழி சொன்ன பதினைந்தாம் நூற்றாண்டு நூலை 1928-இல் புகழ்ந்துரைத்து ஆங்கிலப்படுத்தியவர். அவரே ஸ்காட்டின் நூலுக்கு வாயிற்காப்போர்! வருபவரை வரவேற்கும் முன்னுரையிலேயே ஆசிரியரைத் தாழ்த்துகிறார். 1972-இல் அமெரிக்காவில் டோவர் நிறுவனம் மலிவுப் பதிப்பாக வெளியிட்டதும் இந்த 1930 பதிப்பைத்தான். விலை குறைந்தது, நல்லது. ஆனால் எதிரியின் முன்னுரையைத் தாண்டித்தான் ஏழை வாசகன் உள்ளே போகவேண்டியிருந்தது.

வரிசையாக வைத்துப் பாருங்கள், தோழர்களே! மன்னன் மறுத்தான், அது முதல் வழி. வேடிக்கையை எடுத்துக்கொண்டு கருத்தை எறிந்தனர், இரண்டாம் வழி. உள்ளே புகுந்து எதிர்க் கருத்தைச் செருகினர்; மூன்றாம் வழி. அரும்பொருளாக்கிச் சிலர் அலமாரிக்குள் அடைத்தனர், நான்காம் வழி. பகைவரே பதிப்பாசிரியராகி வாசலில் நின்றார், ஐந்தாம் வழி. ஒரே ஒரு படியை மட்டும் கண்டவனுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. 1665 பதிப்பை மட்டும் வாங்கியவன், ஸ்காட்டே ஆவி எழுப்பக் கற்றுத் தந்தார் என்றல்லவா நினைத்திருப்பான்! பதிப்புகளைத் திரட்டி ஒப்பிட்டவர்களால்தான் திருட்டு வெளிப்பட்டது. பழைய ஏடு சேர்ப்பது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று எண்ணவேண்டாம். அது சாட்சி சேர்க்கும் வேலை.

ஸ்காட் தொடங்கிய முறை சாகவில்லை. வித்தைக்காரர் ஹௌடினி 1920-களில், ஆவியுடன் பேசுவதாகக் கூறிய மோசடிக்காரர்களை அவர்கள் வித்தையைக் கொண்டே அம்பலப்படுத்தினார். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராயிருந்த ஆபிரகாம் கோவூர், 1963 முதல், அற்புதத்தைச் சோதனைக்கு உட்பட்டுச் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறைகூவினார். 1978-இல் அவர் மறையும் வரை எவரும் அதை வெல்லவில்லை. நம் இயக்க மேடைகளில் நடக்கும் ‘மந்திரமா தந்திரமா’ நிகழ்ச்சிக்கும் முறை அதுவே: செய்து காட்டு, பிறகு எப்படிச் செய்தாய் என்று சொல்.

இது பழங்கதை என்று ஒதுக்கவும் இயலாது. சூனியக்காரி என்று பெண்களை வதைப்பதைத் தடுக்கப் பீகார் மாநிலம் சட்டம் இயற்றியது 1999-இல். அர்சுலா கெம்ப் தூக்கிலேறி நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும், இந்தியாவில் அத்தகைய சட்டம் தேவைப்பட்டிருக்கிறது! மூடநம்பிக்கையை எதிர்த்த மருத்துவர் நரேந்திர தபோல்கர் 2013-இல் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே மராட்டிய மாநிலத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் வந்தது.

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மிடமும் நூல்கள் இருக்கின்றன. சிறு வெளியீடுகள், மாநாட்டுத் துண்டு நூல்கள், பழுப்பேறிய வார ஏடுகள். அவை கறையானுக்கு இரையாகுமுன் திரட்டுங்கள். முதற் பதிப்பு எது, பின்வந்தது எது, எந்த வரி கூடிற்று, எந்த வரி குறைந்தது என்று ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். மறுபதிப்பு வெளியிடும்போது வெட்டாமலும் செருகாமலும் வெளியிடுங்கள்; ஏழையும் வாங்கும் விலையில் வெளியிடுங்கள். நாம் விட்டுவைக்கும் இடைவெளியில் யார் வந்து அமர்வார் என்பதை 1665-ஆம் ஆண்டுப் பதிப்பு காட்டிவிட்டது!